நூற்று எண்பதாம் நாள்

கொழிஞ்சாம்பாறைக்கு மேற்கே
பனைகளுக்கு நடுவே தகரக்கூரை போட்ட எங்கள் கூடத்தில்
ஆடுகளுக்குப் பெயர் வைக்கக் கூடாது.
காதில் மஞ்சள் வில்லை, அதில் எண்.
பதினாலு
பொள்ளாச்சிச் சந்தையில் வாங்கியது.
மலையாளத்தில் கூப்பிட்டால் திரும்பாது.
காவலாளி சாத்துக்குட்டி ஒரு மாதம் முயன்றுவிட்டு
‘பா, பா’ என்று எங்கள் பக்கம் வந்துவிட்டார்.

அதன் கழுத்தில் வைத்த குழாய்
எப்போதோ இறந்துபோன ஒருவரின் தமனியில் எடுத்த
கொஞ்சம் செல்களில் தொடங்கியது.
கண்ணாடிச் சாடிக்குள் வலை விரித்து, அதில் விதைத்து,
இதயம் மாதிரி ஒரு பம்பை
எட்டு வாரம் அடிக்கவிட்டார்கள்.
வலை கரைந்தது. குழாய் நின்றது.
பிறகு சோப்புநீர் விட்டுக் கழுவி
வளர்த்த செல்களையே வெளியேற்றினார்கள்,
புதுமனை புகும் முன்பே
கொத்தனாரைக் கணக்கு முடித்து அனுப்புவதுபோல.
மிஞ்சியது
பனங்கிழங்கைப் பிளந்தால் நடுவில் கிடக்குமே,
அந்தக் குருத்தின் வெள்ளை.
யாருடையவன் நீ என்று ஆட்டின் ரத்தம் கேட்டால்
பதில் சொல்ல உள்ளே ஆளில்லை.

டாக்டர் ஜிஷ்ணு
தமனிக்கும் சிரைக்கும் இடையில் அதைப் பாலமாக வைத்தார்.
முடியைவிட மெல்லிய நீலநூல்.
வயிற்றுக் காற்று வெளியேறும் டியூபைப் பிடித்தபடி
நான் தலைமாட்டில்.
கவ்வியை எடுத்ததும்
வெள்ளைக் குழாய் ஒரு நொடி யோசித்தது.
சிவந்தது.

தினமும் காலையில் வெல்லத்துக்குள் ஆஸ்பிரின்.
திங்கள்தோறும் கழுத்தில் ஜெல் தடவி ஸ்கேன்.
அசைபோட்டுக்கொண்டே நிற்கும்;
அசைபோடும் சத்தமும் ரத்தத்தின் இரைச்சலும்
ஒலிபெருக்கியில் ஒன்றையொன்று மிதிக்கும்.
கணவாயில் காற்று பிடித்துவிட்டால்
தகரமும் சேர்ந்துகொள்ளும்.

சோளத்தட்டு இறக்க வருவார் ஆறுச்சாமி.
செவ்வாயும் வெள்ளியும் அவருக்குப் பாலக்காட்டில் டயாலிசிஸ்.
இடதுகை நரம்பு ரெண்டு தடவை அடைத்துவிட்டது.
இப்போது வலது.
அதில் பாரம் தூக்கக் கூடாது, ஊசி போடக் கூடாது,
வாட்ச்கூடக் கட்டக் கூடாது.

ஒருநாள் கேட்டார், தொட்டுப் பார்க்கலாமுங்களா என்று.
விதிப்படி கூடாது.
கையைக் கழுவிவிட்டு வரச் சொன்னேன்.
பதினாலின் கழுத்தில் ரெண்டு விரல் வைத்தார்.
அப்புறம் தன் முழங்கையை மடக்கிக் காதோரம் கொண்டுபோனார்.
மறுபடி ஆடு. மறுபடி கை.
‘வண்டு புகுந்தாப்பல இருக்குதுங்க.
என்னுது கொஞ்சம் கம்மி.’
கொஞ்சம் பொறுத்து,
‘எங்களுக்கு எப்பங்க வரும்?’

வருஷக் கணக்கு எனக்குத் தெரியாது.
ஆட்டின் கணக்குதான் தெரியும்:
நூற்று எண்பது நாள்.
அதை அவரிடம் சொல்லவில்லை.

அந்த நாள் காலை
வெல்லத்தில் மாத்திரை இல்லை.
வெறும் வெல்லம்.
பதினாலு தின்றுவிட்டு, வழக்கம்போல
கசப்புக்குக் காத்திருந்தது.

மதியம் டாக்டர் ரெஹ்னா
குழாயை நீளவாக்கில் கத்தரித்து விரித்தார்.
உள்பக்கம் ஈரமாக மின்னியது.
ஆட்டின் செல்கள், ஆட்டினுடையவையே,
இரண்டு முனையிலிருந்தும் நடந்து வந்து
தரை பாவியிருந்தன.
நடுவில் விரல்நகம் அளவு மட்டும் இன்னும் வெறுமை.
நான் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
இன்னும் பத்துநாள் விட்டிருந்தால், என்றேன்.
நெறிமுறை, என்றார் அவர்,
கையுறையைக் கழற்றாமலே.

அறிக்கையில் பதினாலுக்கு நேரே ஒரே சொல்:
திறந்திருக்கிறது.
ஆறுக்கும் ஒன்பதுக்கும் அந்தச் சொல் கிடைக்கவில்லை.

சனிக்கிழமை சோளத்தட்டு வந்தது.
‘எப்பவும்போல எட்டுக் கட்டுங்களா?’
ஏழு, என்றேன்.
ஆறுச்சாமி பட்டியைப் பார்த்தார்.
ஒன்றும் கேட்கவில்லை.
இறக்கிய எட்டாவது கட்டைத்
திரும்ப வண்டியில் ஏற்றினார்,
வலதுகையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு
இடதுகையால் மட்டும்.